கிடை

மன்னார்குடியில், பாமணிப் பாலத்துக்கு அருகே
பூச்சிமருந்துக் கடையில் வேலை எனக்கு.
குருத்துப்பூச்சிக்கு இது, புகையானுக்கு அது,
டேங்குக்கு எத்தனை மில்லி
என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

வீட்டில் அடுக்குச் செம்பருத்தி.
மொட்டுக்காம்பெல்லாம் மாவுப்பூச்சி,
கிரைண்டரிலிருந்து தெறித்ததுபோல.
ஒரு பாட்டில் கொண்டுவந்தேன்.
"தேன்சிட்டு வருது, தெரியுமில்ல?"
என்றாள் செண்பகவல்லி.
மூடியைத் திறக்கவில்லை.

பழைய டூத்பிரஷ், சோப்புத் தண்ணீர்.
குந்தித் தேய்க்கும்போதுதான் பார்த்தேன்:
கட்டெறும்பு ஒன்று
பூச்சியின் முதுகைத் தடவித் தடவிக்
கறந்துகொண்டிருந்தது.
இன்னொன்று, குட்டியைக் கவ்விப்
பக்கத்துக் கிளைக்குப் போனது.
அறுப்பு முடிந்த தாளடி வயல்களில்
ராமநாதபுரத்துக் கீதாரிகள்
கிடை மாற்றுவார்களே,
அப்படி.

கொஞ்சம் பொறுத்துத்
தேய்த்தேன்.

மறுநாள் இரண்டு பூ.
துடைத்த காம்பில் அந்தக் கட்டெறும்பு
மேலேயும் கீழேயும்
தேடிக்கொண்டிருந்தது.

பாட்டிலைக் கடையில் திருப்பி அடுக்கினேன்.
"மாவுப்பூச்சிக்கு எது கேக்கும்?" என்றார்
கோட்டூரிலிருந்து வந்தவர்.
"வீட்டுல பழைய பிரஷ் இருக்கா?"

முதலாளி
கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.