கழுத்துப்பிடிக்குள்

எங்கள் கம்பெனியில் ஒரு விதி:
நல்லவளும் கெட்டவளும்
ஒரே பஸ்ஸில் ஏறக் கூடாது,
ஒரே கடையில் நூடுல்ஸ் உறிஞ்சக் கூடாது.
யாராவது பார்த்துவிட்டால்
நாளைக்கு டிக்கெட் போகாது.

மிசாவோ நல்லவள். வெள்ளை உடை, தோளில் நீல நட்சத்திரம்.
நான் கரிப்பல் ரிட்சு.
எழுத்துத் தூரிகை மையால் பல்லைக் கறுப்பாக்கி
மூங்கில் கழியோடு நுழைவேன்.
பள்ளிக்கூடத்துப் பெண்கள் அழுதுகொண்டே
என்மேல் கமலா ஆரஞ்சு வீசுவார்கள்.
குறி தப்பாது.

ஒன்பது வருஷம்.
நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம்.
நான் ஜெயித்தது முப்பத்தொன்று,
அதிலும் பாதி
நடுவர் வேறு பக்கம் பார்த்தபோது.

ஆகவே நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம்
கழுத்துப்பிடிக்குள்தான்.
அவள் தலை என் அக்குளில்,
என் வாய் அவள் காதோரம்.
கழுத்தை முறிப்பதுபோல் இருக்கும்;
நடுவில் ஒரு முட்டை வைத்தால் உடையாது.
"அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா?"
"முடிஞ்சுது. இன்னும் சோறு இறங்கல. கயித்துக்குத் தள்ளு."
கயிற்றில் மோதி அவள் திரும்பி வருவதற்குள்
அடுத்த கேள்வியை யோசித்துவிட வேண்டும்.

ஓபிஹிரோவில் ஒரு ஜனவரி,
உடற்பயிற்சிக் கூடத்தில் மூச்சு புகையாய் வந்த இரவு,
"எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு" என்றாள்.
"யாரு?" என்பதற்குள்
என்னைத் தலைக்குமேல் தூக்கிவிட்டாள்.
அந்தரத்தில் நான்
விளக்குகளைப் பார்த்தபடி காத்திருந்தேன்.
பதில் நான்கு நாள் கழித்து
வேறு ஊரில், வேறு பிடியில் வந்தது:
"மணி அடிக்கிறவர்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
அவள் என்னை எறியும் ஒவ்வொரு முறையும்
என் பின்னந்தலைக்கும் பலகைக்கும் நடுவே
அவள் உள்ளங்கை இருக்கும்.
டிவி கேமராவுக்கும் அது தெரிந்ததில்லை.
அவள் சுண்டுவிரல் கோணலானது அப்படித்தான்.
பத்திரிகைகள் அதற்கும்
என் கழியைத்தான் குற்றம் சொல்லின.

இருபத்தாறு வயதானால் போய்விட வேண்டும்.
அதுவும் கம்பெனி விதி.
கடைசி நாள் வளையம் முழுக்கக் காகித நாடாக்கள்,
சிவப்பு, மஞ்சள், கால் புதையும் அளவுக்கு.
திட்டப்படி நான் குறுக்கே பாய்ந்து
அவள் பூங்கொத்தைப் பிடுங்கி மிதிக்க வேண்டும்.
மிதித்தேன்.
காம்புகளை மட்டும்.

பிறகு பத்து மணி.
எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் இடையில்
அவர் சுத்தியல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.
யாரும் கவனிக்கவில்லை.
நான் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.
பத்தாவதை அடித்துவிட்டார்.

எனக்கு அழ அனுமதி இல்லை.
பல்லைக் காட்டிச் சிரித்தேன்,
மை உதட்டில் ஒழுகும்வரை.

அடுத்த வருஷம் என் முறை. எனக்கு நாடாக்கள் குறைவு.
பிறகு குஷிரோவில் டவுன் பஸ் ஓட்டினேன்.
அவள் உவாஜிமாவில் கமலா ஆரஞ்சு தரம் பிரிக்கும் கூடத்தில்.
டிசம்பரில் ஒரு பெட்டி அனுப்புவாள்,
மேலே ஒரு சீட்டு: "எறியறதுக்கு."
கம்பெனி திவாலானது. விதிகளும்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து அவள் ஊருக்குப் போனேன்.
ஒரே கடையில், ஒரே மேஜையில் உட்கார்ந்தோம்,
முதல் தடவையாக, எதிரெதிரே, முகம் பார்த்து.
ஒரு வார்த்தை வரவில்லை.
அவள் சோயா குப்பியை நகர்த்தினாள்.
நான் திரும்ப நகர்த்தினேன்.
மழை பற்றி ஏதோ சொன்னேன். வெளியே வெயில்.

மிசாவோ எழுந்தாள்.
முட்டி சொடக்குப் போட
மேஜையைச் சுற்றி வந்து
என் தலையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.
பழைய வியர்வை இல்லை; ஆரஞ்சுத் தோல் மணம்.
"ம்," என்றாள் காதோரம்,
"இப்போ சொல்லு."

கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.
விடச் சொல்வதென்றால்
கையால் இரண்டு தட்டு தட்டினால் போதும்.
நான் தட்டவில்லை.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
"முதல்ல," என்றேன்,
"அந்தப் பத்தாவது மணி..."