இரண்டு சுற்று

அரை அங்குலம் என்று அதற்குப் பெயர்.
காலிப்பரில் பிடித்தால் இருபது புள்ளி ஒன்பது மில்லிமீட்டர்.
எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும்
அரை அங்குலம் எங்கேயும் இல்லை.
எப்போதோ இருந்த ஒரு குழாயின்
உள்வாயைப் பார்த்து இட்ட பெயர்.
குழாய் போய்விட்டது, பெயர் நிற்கிறது.
இதைச் சொல்லத்தான்
ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு
லாங்னவிலிருந்து ட்ரூப் வரை
பனிக்குள் வான் ஓட்டி வந்திருக்கிறேன்.

லூதி அம்மாவின் தொழுவத்தில்
முப்பத்திரண்டு மாடுகள்
இன்னும் புல் வரவில்லை என்று கத்துகின்றன.
முற்றத்தில், இங்கிலாந்தில் செய்த லோடர்
மூக்கை நிலத்தில் ஊன்றிக் கிடக்கிறது.
அதன் கீழே பனி
தேநீர் கொட்டிய மேசைவிரிப்பு மாதிரி.

மருமகன் ரெட்டோ
சனிக்கிழமை கட்டிடச் சாமான் கடையில்
ஏதோ ஒன்றை வாங்கிப் பூட்டியிருக்கிறான்.
"ஏறியதே," என்கிறான்,
"இரண்டு சுற்று நன்றாக ஏறியதே."

இரண்டு சுற்று எல்லாம் ஏறும், ரெட்டோ.
இருபத்திரண்டு மில்லிமீட்டர் மெட்ரிக் நட்
இங்கிலீஷ் மரையில்
விருந்தாளி போல இரண்டு சுற்று ஏறும்.
மூன்றாவதில் முகம் மாறும்.
அங்கேதான் நீ நீளமான ஸ்பானரை எடுத்திருக்கிறாய்.
மேலே வெள்ளை டேப் வேறு,
காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல.

எங்கள் மொழியில்
மரை கழன்றவன் என்று ஒரு வசை உண்டு.
மரை மாறி ஏறியவனுக்கு வசை இல்லை.
இருந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.
ஏனென்றால் அவன் இயந்திரத்தை முடுக்கிவிட்டு
"இதோ, இங்கேதான் ஒழுகுது" என்று
பெருவிரலைக் கொண்டுபோனான்.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.
கத்தினேன், தமிழில்.
என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.
இருநூறு பாரில் எண்ணெய்
ஊசியைவிட மெலிந்து தோலுக்குள் போகும்.
முதலில் அவ்வளவாக வலிக்காதாம்.
பிறகு விரலை எடுத்துவிடுவார்களாம்.
காகித மட்டையை நீட்டிக் காட்டினேன்:
மட்டை நனைந்தது. விரல் அவனிடமே இருந்தது.
இயந்திரத்தை அணைத்து
லீவரை முன்னும் பின்னும் ஆட்டி
அழுத்தம் இறங்கும்வரை ஒருவரும் பேசவில்லை.

பிறகு லூதி அம்மா, மெதுவாக:
"ஃப்ராவ் குகனேசன், ஒரு அடாப்டர் போட்டால் போதாதா?"

ஏற்கெனவே மூன்று இருந்தன,
ஒன்றின் வாயில் ஒன்று,
சின்ன ரயில் மாதிரி.
நானூறு அடாப்டர் வானில் இருக்கிறது.
ஆண் முனை, பெண் முனை, நேர், முழங்கை,
இருபத்துநாலு பாகைக் கூம்பு, அறுபது பாகைக் கூம்பு.
பார்த்தால் எல்லாம் ஒரு தாய் மக்கள்,
பூட்டினால்தான் சண்டை தெரியும்.

குடியுரிமை நேர்காணலில்
மீசைக்காரர் ஒருவர் பாராட்டினார்:
இங்கே ஒரு நல்ல அடாப்டர் போலப் பொருந்திவிட்டீர்களாம்.
தன் உவமையைத் தானே ரசித்துச் சிரித்தார்.
ஒவ்வொரு அடாப்டரும்
ஒழுகுவதற்கு இன்னும் ஓர் இடம் என்று
அவருக்கு நான் சொல்லவில்லை.
கடவுச்சீட்டு வேண்டியிருந்தது.

ரயிலைக் கழற்றி வாளிக்குள் போட்டேன்.
எண்பத்துநாலு சென்டிமீட்டர் ஹோஸ் வெட்டினேன்.
லோடர் பக்கம் இங்கிலீஷ் முனை,
வைக்கோல் கவ்வியின் பக்கம் மெட்ரிக்.
இரண்டையும் அழுத்தியில் வைத்து நெரித்தேன்.
பிறகு ரெட்டோவைக் கூப்பிட்டேன்.
"ஸ்பானர் வேண்டாம். விரலால்."

குளிரில் சிவந்த விரல்களால் திருகினான்.
இரண்டு. மூன்றில் நின்று
என் முகத்தைப் பார்த்தான்.
"போகட்டும்," என்றேன்.
நாலு. ஐந்து. கூம்பு கூம்பைத் தொட்டு
தானாக நின்றது.
கடைசியில் கொஞ்சம் ஸ்பானர்.

மட்டை உலர்ந்தே இருந்தது.
பத்தே முக்காலுக்குப் புல் போனது.
மாடுகளிடம் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை.

பில் எழுதினேன்: ஞாயிறு இரவுக் கட்டணம்,
ஹோஸ், இரண்டு முனை, வழிச்செலவு.
லூதி அம்மா கண்ணாடியைத் தேடிப்போட்டு
ஒவ்வொரு வரியாக வாசித்தார்.
கத்தியதற்கு வரி இல்லை.
ரெட்டோ வாளிக்குள் கையை விட்டு
அந்தப் பாழான நட்டை எடுத்துத் துடைத்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.