கோட்டுக்கு மேலே

டுலூத்தில் ஏரி உறைந்த வாரம்
தீர்ப்பு வந்தது.
மோசடி மெய்தான்.
ஆனால் ஐந்தாண்டு லாபத்தை மட்டுமே பிடுங்கலாம்.
அதற்கு முந்தியதற்குக் கெடு முடிந்துவிட்டது.

ஆணையத்தின் கணக்கர் நான்.
திரையில் இருநூற்றுப் பதினோராம் வரிசைக்குக் கீழே
ஒரு கோடு இழுக்கிறேன்.
கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம்
இனி ராய்ஸ் ஸ்ட்ராண்டுக்கே:
இரண்டு படகு, ஏரிக்கரை வீடு, மகளின் கல்யாணம்.

கீழே இருப்பதிலும் கழிக்க வேண்டும்.
நிகர லாபம் என்கிறது சட்டம்.
அலுவலக வாடகை. தபால்தலை.
ஏமாந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்த காப்பி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டாள் மார்லிஸ் க்விஸ்ட்.
பள்ளிப் பேருந்து ஓட்டிச் சேர்த்தது;
ரசீதுகள் பிஸ்கட் டப்பாவில், தேதிவாரியாக.
அவள் வரிசை இருநூற்றுப் பதினொன்று.

பணம் கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை.
நாங்கள் வழக்குப் போட்டது
ஐந்தாண்டும் இரண்டு நாளும் கழித்து, வியாழன்.

அந்த இரண்டு நாளில்
என்ன செய்துகொண்டிருந்தேன்?
பழைய நாட்காட்டியைத் திறந்தேன்.

புதன்: மேலதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருப்பு.
செவ்வாய்: ஒன்றுமில்லை.
அலுவலகத்துக்குப் பனி விடுமுறை.