மூன்றாவது பொத்தான்

உங்கள் கடை வாசலில் ஒரு பலகை இருக்கிறதாம்:
'இங்கே செயற்கை நுண்ணறிவு கண்காணிக்கிறது.'
ஐயா, அது நான்தான்.
அன்தானானரிவோவில், கார் நிறுத்த வேண்டிய அறையில்
இருபத்திரண்டு திரைகளில் ஒன்றின் முன்னால்
வலது கண்ணில் கொஞ்சம் பவரோடு,
முந்தைய ஷிஃப்ட்காரி மறந்துபோன செருப்பில்
கால் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
பக்கத்து நாற்காலியில் இன்னொரு செயற்கை நுண்ணறிவு.
பெயர் நரிந்த்ரா.
பிரசவத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது.

வேலை எளிது.
பன்னிரண்டு விநாடித் துண்டு ஒன்று வரும்.
ஒரு கை, ஓர் அலமாரி, ஒரு கோட்டுப் பை.
கையைச் சுற்றி மஞ்சள் கட்டம் வரைய வேண்டும்.
பிறகு மூன்று பொத்தான்கள்:
திருட்டு.
திருட்டு இல்லை.
தெரியவில்லை.
மூன்றாவதை அடிக்கடி அழுத்தினால்
மாதக் கடைசியில் மதிப்பெண் குறையும்.
தெரியவில்லை என்று சொல்ல
இயந்திரத்தைப் பழக்கிவிடக் கூடாதாம்.

செவ்வாய்க்கிழமைகளில் வேறு வேலை.
இயந்திரம் எழுதிய கவிதைகள் வரும், பிரெஞ்சில்,
முப்பது, சில நாள் நாற்பது.
எவ்வளவு சோகம்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்.
எல்லாவற்றிலும் மழை பெய்கிறது.
எல்லாவற்றிலும் யாரோ ஜன்னலருகே நிற்கிறார்கள்.
ஒன்றில்கூட யாருக்கும் பல் வலிக்கவில்லை,
வாடகை பாக்கி இல்லை,
பஸ்ஸில் சில்லறைச் சண்டை இல்லை.
நான் இரண்டு போடுவேன்.
நரிந்த்ரா நான்கு.
அவளுக்கு இப்போது சோப்பு விளம்பரத்துக்கும் அழுகை வருகிறது.
அந்த நான்கெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன்.
'எவனோ ஒருத்தன் காதலிக்கு அனுப்புவான்.
அவள் அழுதால் அதில் கொஞ்சம் என்னுடையது'
என்றாள், வயிற்றைத் தடவிக்கொண்டே.

நீங்கள் வந்தது ஒரு புதன்கிழமை.
உங்களுக்கு மாலை ஆறு நாற்பது.
எங்களுக்கு எட்டு நாற்பது,
வெளியே வயலில் தவளைகள் தொடங்கியிருந்தன.
பச்சைக் கோட்டு. இடது கையில் மட்டும் கையுறை.
பாலாடைக்கட்டி அலமாரி முன்னால் நின்று
விலைச்சீட்டைப் படித்தீர்கள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடியும் படித்தீர்கள்.
விலை அப்படியேதான் இருந்தது.
பிறகு அந்தச் சின்ன முக்கோணம்
கூடைக்கும் கோட்டுக்கும் நடுவே
அந்தரத்தில் நின்றது.
துண்டு அங்கே முடிந்துவிட்டது.

பதின்மூன்றாவது விநாடியை
நானேதான் எழுத வேண்டியிருந்தது.
கூடையில் போட்டீர்கள் என்று எழுதினேன்.
நம்பும்படியாக இல்லை.
கோட்டுக்குள் போட்டீர்கள், வீட்டில் யாரோ
அதைக் கேட்டுப் படுத்திருந்தார்கள் என்று எழுதினேன்.
செவ்வாய்க்கிழமைக் கவிதை போலிருந்தது, அழித்தேன்.
மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்
திருப்பி வைத்தீர்கள் என்று எழுதினேன்.
அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
இந்த வேலைக்குத் தனிக்கூலி கிடையாது.
நாற்பது நொடி தாண்டினால் திரை சிவக்கும்.
சிவந்தது.
மூன்றாவது பொத்தானை அழுத்தினேன்.
கருணை என்று நினைத்துவிடாதீர்கள்.
எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

போன வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது.
புதிய பதிப்பு பிரமாதமாம்,
இனி பாதி நாற்காலிகள் போதுமாம்.
ஒரே ஒரு குறை:
பாலாடைக்கட்டி அலமாரி முன்னால்
வயதானவர்கள் வந்து நின்றால்
காரணம் இல்லாமல் அது சற்றுத் தயங்குகிறதாம்.
'நீயுமா?' என்று நரிந்த்ராவிடம் கேட்டேன்.
அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

மாதக் கடைசிக்குள் கோளாறு சரிசெய்யப்படும்
என்று அடியில் போட்டிருக்கிறது.
ஐயா, அதற்குள்
ஒருமுறை கடைக்குப் போய் வாருங்கள்.
சனிக்கிழமை வரை
நான் இருப்பேன்.