சிலர்

"இறைவனும் நம்மோடுதான் காத்திருக்கிறார்."
தம்பி ஷோமாவைப் புதைத்த அன்று
குழிமேட்டில் நின்று நான் வாசித்த வாக்கியம்.
சொன்னவர் பழைய சிரியாவின் துறவி ஒருவர்;
பெயரைச் சொன்னால் டெப்ரெட்சென் நகரில்
மூன்று பேருக்குத் தெரியும்,
அதில் இருவர் என் ஆய்வுக் குழுவில்.

மூன்றாம் அத்தியாயம் முழுக்க
அந்த வாக்கியத்தின் தோளில் ஏறி நின்றது.
நெறியாளர் ஹய்னால்கா
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்:
எங்கே சொன்னார்?

அதற்கு ஒரு குளிர்காலம் போனது.

நல்ல நூல்களில்தான் தேடினேன்.
துணியட்டை, பல்கலைக்கழக முத்திரை,
இரண்டு பேர் படித்துக் குறை சொல்லி
அதன்பின் அச்சேறிய இதழ்க் கட்டுரைகள்,
கடைசியில் முப்பது பக்க நூற்பட்டியல்.
ரயில் நிலையத்தில் விற்கும் ஆறுதல் புத்தகத்தைத்
தொடவில்லை.
அதிலும் இதே வாக்கியம் இருந்தது,
ரோஜாப் படத்தின் மேல்.

2009இன் நூல் 1988ஐக் கைகாட்டியது.
1988, ஒரு ஜெர்மன் கட்டுரையை.
அது "மேலது, காண்க" என்றது.
மேலே போய்ப் பார்த்தால் வேறொரு நூல்,
அதில் பக்க எண் பிழை.
பதினொரு சாட்சிகள், பதினொருவரும் அறிஞர்கள்,
பதினொருவரும்
ஒரே ஆளிடம் கேட்டுவந்து சொன்னவர்கள்.
ஊர் வாய் என்கிறோம்;
எண்ணிப் பார்த்தால்
சில நேரம் ஒற்றை வாய்.

அந்த வாய்க்குரியவர் எங்கள் கல்லூரிப் போதகர்,
1911இல் எழுதியவர்,
மூலத்தைக் கண்ணால் பார்த்தவர்.
பார்த்த பிரதி
என் காலுக்குக் கீழே, நிலவறையில் இருந்தது.

நூலகர் ஸோவார்ட்
மூச்சு வாங்கப் படியேறிக் கொண்டுவந்தார்.
இரவல் சீட்டில் ஒரே ஒரு கையெழுத்து, போதகருடையது.
213ஆம் பக்கத்தின் கடைசி வரியில்
இலத்தீனில், என் வாக்கியம்.
அழுகை வந்தது. திருப்பப் போனேன்.
தாள் திரும்பவில்லை.
அதுவரை வெட்டிப் பிரித்திருந்த மடிப்புகள்
அங்கே நின்றுபோயிருந்தன.
அடுத்த இரண்டு பக்கங்களும்
தலைப்புற மடிப்பில் மூடிக்கிடந்தன,
நூறு வருடத்துக்கு மேல்.

ஸோவார்ட் எலும்புக் கத்தியைச் செருகினார்.
காய்ந்த ரொட்டியை அறுப்பதுபோல் ஒரு சத்தம்.

214, முதல் வரி:
"என்று சிலர் பிதற்றுகிறார்கள்.
அவர்கள் வாய் அடைபடட்டும்."

போதகரே,
உங்களுக்கு அன்று சாப்பாட்டு மணி அடித்ததா?
விளக்கில் எண்ணெய் தீர்ந்ததா?
அல்லது, என்னைப் போலவே,
வேண்டியது கிடைத்ததும் நிறுத்திக்கொண்டீர்களா?

ஒன்றாம் எண் டிராமில்
கடைசி நிறுத்தம் வரை போய்த்
திரும்பி வந்தேன்.
என் தம்பிக்கு நான் வாசித்தது
துறவியின் சொல் அல்ல.
துறவி மிதித்தவர்களின் சொல்.

யார் அந்தச் சிலர்?
பெயர் இல்லை, ஊர் இல்லை,
அவர்கள் எழுதிய ஓர் ஏடும் இல்லை.
அவர்களை அடக்க வந்தவர்
அடக்குவதற்கு முன் ஒருமுறை
அவர்கள் சொன்னதைச் சொல்ல வேண்டியிருந்தது.
அந்த ஒருமுறையில் பிழைத்தார்கள்.
அதையும் அவர்
திரிக்காமல் சொன்னாரா, தெரியாது.

அத்தியாயத்தைக் கிழித்தேன்.
அடிக்குறிப்பை மட்டும் புதிதாக எழுதினேன்:
சொன்னவர், சிலர். சாட்சி, அவர்களை வெறுத்த ஒருவர்.
வேறு சாட்சி இதுவரை அகப்படவில்லை.
போதகரின் பிழையைக் குறித்தபின்
அவரை நம்பிய பதினொருவரோடு
பன்னிரண்டாவதாக
என் பழைய கட்டுரையையும் சேர்த்தேன்.

ஷோமாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்,
பனி உருகியதும்.
வாக்கியத்தை மாற்றப் போவதில்லை,
சொன்னவர்களை மட்டும்.

மறுநாள் ஸோவார்ட் கேட்டார்:
"மிச்சப் பக்கங்களையும் வெட்டட்டுமா?
நானூறு இருக்கும்."
கத்தியை இப்படிக் கொடுங்கள் என்றேன்.