சிவப்பு நூல் கட்டிய பழம்

பெட்டி பெட்டியாய்க் கொட்டிக் கிடக்கிறது முற்றத்தில்.
பீப்பாய்க்கு அடியில் நெருப்பு. பிளோவ்திவ் பக்கம்
ஆகஸ்ட் வந்தால் தெருவே புகைதான்.

மாட்டு இதயம் என்றொரு வகை.
சதைப்பற்று, சாறு குறைவு, ஜாடிக்கென்றே பிறந்தது.
விதையில்தான் கஞ்சம்:
பிளந்தால் பத்தோ பன்னிரண்டோ.
சந்தை நாற்றில் வந்த கலப்பினம் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது.
அதன் பிள்ளைகள் அதன் ஜாடையில் இருக்காது என்பதால்
அத்தனையையும் வேகவைத்துவிட்டோம், இரக்கமின்றி.

நோய் தட்டாத ஒரே செடி, இரண்டாம் கொத்து.
ஸ்த்ராவ்கா ஒரு பழத்தின் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள்.
"இது அடுத்த வருஷம்" என்றாள்.
தொடாதே என்று அர்த்தம்.

உரித்துக்கொண்டே இருந்தேன். மதியம் மூன்று மணி.
விரலில் ஒட்டிக்கொண்டு
ஈர நூல்.

முப்பத்தோராவது ஜாடியா, முப்பத்திரண்டாவதா?
மூடிகள் எல்லாம் 'டொக்'கென்று உள்வாங்கி இறுகிவிட்டன.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பலகையில் தேங்கிய சாற்றைக் கத்தியால் வழித்துக்
கோப்பையில் விட்டாள், வாயில் துணி கட்டினாள்.

மூன்றாம் நாள் பூசணம் படர்ந்தது. அலசினோம்.
மிதந்தவை போக, அடியில் தங்கியவை ஏழு.
யார் வீட்டுப் பிள்ளைகளோ,
ஜூலையில் தெரியும்.