நீலப் புள்ளி

சந்திகளை எண்ணுவது என் வேலை.
நாலு தெரு சேரும் இடத்துக்குச் சிவப்பு,
மூன்றுக்கு மஞ்சள்,
போய் நின்றுவிடும் தெருவின் நுனிக்கு நீலம்.
நாரஹேன்பிட்டியில் இரண்டாம் மாடி,
ஏசி ஒழுகும் மூலை மேசை,
மூன்று காலத்துத் தாள்கள்
ஒன்றின்மேல் ஒன்று.

புறக்கோட்டையை எண்ணும்போது கை ஓயாது.
முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து
ஐந்தாம் குறுக்குத் தெரு வரை
அம்மை போட்டது போலச் சிவப்பு.
அங்கே ஒரு லொறி வழி மறித்து நின்றால்
நாட்டாமை வண்டியைத் திருப்பி
அடுத்த தெருவால் போய்விடுவான்,
திட்டி முடிக்கும் முன்பே.

பழைய தாளில் வெள்ளவத்தை ஒரு சீப்பு.
காலி வீதி முதுகு; ஒழுங்கைகள் பற்கள்.
ஒவ்வொன்றும் தண்டவாளம் மட்டும் போய்க்
கடலைப் பார்த்து நின்றது.
பிந்திய தாளில் மரைன் டிரைவ் வந்து
பற்களின் நுனிகளை
ஒரே இழுப்பில் கோத்துவிட்டிருந்தது.
அன்று நீலங்களை வரிசையாக அழித்தேன்.
அந்த மாதத்தில்
வேறு சந்தோஷம் எதுவும் நினைவில்லை.

கிழக்கே போகப் போக நீலம் தீரும்.
அத்துருகிரியவில்
புதுப் பேனா கேட்டு எழுதிக்கொடுக்க வேண்டும்.
முதல் தாளில் அங்கே றப்பர்,
அதற்குள் ஒரு வண்டிப்பாதை, அவ்வளவுதான்.
இரண்டாம் தாளில் காணி நாலாகப் பிரிந்தது.
மூன்றாவதில்
பத்துப் பேர்ச், எட்டுப் பேர்ச், ஆறே கால் பேர்ச்.
விற்ற ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வெட்டினார்கள்,
ஒருவர் வழி மற்றவர் வழியில் பட்டுவிடாமல்.
வீட்டு இலக்கங்கள் சாய்ந்து சாய்ந்து நீளும்:
412/7/19/2.
யாரிடமிருந்து யார் பிரிந்தார் என்று
தபால்காரருக்குத் தெரியும்.

கள ஆய்வுக்கு 190 பஸ்ஸில் போனேன்.
முதுகோடு முதுகாக இரண்டு வீடுகள்,
நடுவில் ஒரு மதில்.
யோகமலர் செத்தல் மிளகாய் வறுத்தால்
றினோசா வீட்டில் இருமுவார்கள்.
நாடாவால் அளந்தேன்:
கதவிலிருந்து கதவுக்கு நாலு மீற்றர் இருபது.
வீதியால் அளந்தேன்:
மூன்று கிலோமீற்றர் எழுநூறு,
ஓட்டோவுக்கு நானூறு ரூபாய்,
பேரம் பேசினால்.

"அப்ப அங்கால எப்படிப் போறது?"

யோகமலர் என் கழுத்து அட்டையைப் பார்த்தாள்,
சப்பாத்தைப் பார்த்தாள்,
பிறகு கோழிக்கூட்டை நகர்த்தினாள்.
பின்னால், மதிலில் ஏழு கல் இல்லை.
ஒரு பிள்ளை, புத்தகப் பையை முதலில் தள்ளி,
பிறகு தலை, பிறகு ஒற்றைச் செருப்பு,
கணக்கு ரியூஷனுக்கு வந்துகொண்டிருந்தது.
குழாயில் தண்ணீர் வராத நாட்களில்
வாளியும் அவ்வழியே போகுமாம்.
போன நோன்புக்குக் கஞ்சி வந்ததாம்.

யார் உடைத்தது என்றேன்.
"மழை" என்றாள்.
மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து
றினோசாவின் குரலும் சொன்னது: "மழைதான் மிஸ்."
கல்லின் விளிம்பு
உளியால் நேராகச் செதுக்கியிருந்தது.

ஆள் நடந்தால் அது நடைபாதை.
நடைபாதை சேர்ந்தால் அது இணைப்பு.
விதி அப்படித்தான். இரண்டு நீலத்தை அழிக்கலாம்.
ஆனால் தாள் என் மேசையோடு நிற்காது.
பிரதேச சபைக்குப் போகும்,
காணிக் கொம்பனிக்குப் போகும்,
அங்கிருந்து ஒரு மேசன்
அரை மூட்டை சீமெந்தோடு புறப்படுவான்.

நீலம் வைத்தேன்.
அதை ஒட்டி, பேனா நுனி படும் தூரத்தில்,
இன்னொரு நீலம்.
இணைப்பு என்ற நிரலில் பூச்சியம்.

மேலதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.
"இந்தப் பக்கம் முந்தியைவிட மோசம், என்ன?"
"ஓம் சேர்" என்றேன்.
சப்பாத்தில் இன்னும் கோழி எச்சம் காயவில்லை.
வெளியே நல்ல மழை.